போனதும் திரும்பியதும்: ரஷீத் மக்லூபி (1936–2024)

2014ஆம் ஆண்டு நோன்பு மாதத்தின் தொடக்க நாட்கள். பிரேஸிலில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. அல்ஜீரியாவும் ஜேர்மனியும் மோதிய இரண்டாம் சுற்று ஆட்டம் எங்கள் நேரப்படி ஜூலை முதலாந் திகதி அதிகாலை ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. தராவீஹ் முடிந்தும் வீட்டுக்குப் போகாத ஒரு கூட்டம் எங்கள் ஊர்ச் சந்தித் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன்னே குந்தியிருந்தது. நானும் அதில் ஒருவன். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. மேலதிக நேரத்தில் ஜேர்மனி இரண்டு கோல்களைப் போட்டது. கடைசிக் கணத்தில் அல்ஜீரியா ஒன்றைத் திருப்பியது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. சஹருக்கு நேரம் நெருங்கிவிட்டதால் எல்லாரும் அவசரமாக எழுந்தோம்.

வரும் வழியில் என்னோடு நடந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எனக்கு ஐந்தாம் வகுப்பில் படிப்பித்தவர். "இது இன்றைக்குத் தொடங்கின கணக்கு இல்லை, தம்பி. எண்பத்திரண்டாம் ஆண்டுக் கணக்கு" என்றார். அந்த இருட்டிலே அவர் சொல்லிக்கொண்டு வந்த கதையில்தான் ரஷீத் மக்லூபி என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். அன்று தொட்டு அந்தப் பெயர் அச்சில் எங்கு கண்ணில் பட்டாலும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது.

2024 நவம்பர் 8ஆம் திகதி மக்லூபி துனீசியாவில் காலமானார். அவருக்கு வயது 88. மறுவாரம் பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தின் நடுவே அவரைப் பற்றிச் சொன்னேன். பகலில் வரலாறு படிப்பிப்பதும் மாலையில் பாடசாலை உதைபந்தாட்ட அணியைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. ஆகவே இரண்டும் கலந்த கதை என்றால் பிள்ளைகளும் எதிர்பார்த்துக் கேட்பார்கள். சொல்லி முடித்ததும் பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழும்பி, "சேர், அவ்வளவு எல்லாத்தையும் விட்டுப்போட்டுப் போனவர், பிறகு ஏன் சேர் திரும்பி அங்கேயே போனார்?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. அன்று அவனுக்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதப்படுவது.

மக்லூபி 1936 ஓகஸ்ட் 12ஆம் திகதி அல்ஜீரியாவின் கிழக்கே உள்ள ஸெத்தீப் நகரிற் பிறந்தார். அந்த நகரின் பெயர் அல்ஜீரிய வரலாற்றில் ஒரு நாளோடு பிணைந்தது. 1945 மே 8. ஜேர்மனி சரணடைந்ததை ஐரோப்பா கொண்டாடிய அதே நாளில் ஸெத்தீப் மக்கள் தங்கள் விடுதலையையும் கோரி ஊர்வலம் போனார்கள். அல்ஜீரியக் கொடி உயர்த்தப்பட்டது, பொலிஸார் சுட்டனர். கலவரம் மூண்டு ஐரோப்பியர் நூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாக இராணுவமும் குடியேறிகளின் ஆயுதக் குழுக்களும் ஸெத்தீப், குவெல்மா பகுதிகளில் வாரக்கணக்கில் மக்களைக் கொன்று குவித்தனர். இறந்தோர் தொகை சில ஆயிரங்கள் என்பாரும் உளர். அல்ஜீரிய அரசு 45,000 என்று சொல்லிவந்திருக்கிறது. அன்று மக்லூபிக்கு எட்டு வயது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த நகரம் இன்னொரு வகையிலும் அறிமுகமானது. 1956இல் 'நெஜ்மா' நாவலை வெளியிட்ட காதிப் யாஸீன் அந்த மே மாதத்தில் ஸெத்தீப்பில் மாணவனாக இருந்தவர். பதினைந்து வயதிற் கைதாகிச் சிறை சென்றவர். ஒரே நகரம், ஒரே நாள். ஒருவரிடமிருந்து நாவல் வந்தது. மற்றவரிடமிருந்து ஆட்டம் வந்தது.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். 1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைக் கைப்பற்றியது. பின்னர் அதைக் குடியேற்றநாடு என்றுகூடச் சொல்லாமல் தன் சொந்த மாகாணங்களாகவே அறிவித்தது. ஆனால் அந்த "சொந்த" மண்ணின் முஸ்லிம்கள் சம உரிமையுள்ள பிரஜைகளாக நடத்தப்படவில்லை. உதைபந்தாட்டத்திலும் இந்த இரட்டை நிலை இருந்தது. ஊரிலே இரண்டாந்தரமாகக் கணிக்கப்பட்ட ஓர் இளைஞன், காலிலே வித்தை இருந்தால், பிரெஞ்சுத் தேசிய அணியின் நீலச் சட்டையையும் அணியலாம். மக்லூபிக்கு அதுவே நடந்தது.

1954இல், பதினெட்டு வயதளவில், அவர் பிரான்ஸின் செயின்ட் எத்தியென் கழகத்துக்கு வந்தார். அது நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்புத் தொழிற்சாலைகளும் நிறைந்த தொழிலாளர் நகரம். கழகத்தின் பச்சைச் சட்டை பிரான்ஸ் முழுவதும் பிரபலம். அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஜான் ஸ்னெல்லா. அதிகம் சத்தம் போடாத, ஆட்டக்காரனுக்கு ஆட்டத்தை விளங்கவைக்கிற ஆசான். மக்லூபியின் வாழ்வில் இந்த மனிதரின் பங்கு பெரிது. அதைப் பின்னர் காண்போம்.

மக்லூபி பிரான்ஸில் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1954 நவம்பர் முதலாந் திகதி அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. ஊரிலே போர், இங்கே கைதட்டல். 1956இல் பிரெஞ்சுத் தேசிய அணியில் இடம் கிடைத்தது. நான்கு சர்வதேச ஆட்டங்களில் ஆடினார். 1957இல் செயின்ட் எத்தியென் தன் வரலாற்றில் முதற்தடவையாக பிரெஞ்சுச் சம்பியன் ஆனது. முன்வரிசையில் கோல் போட்ட கால்களில் முக்கியமானது மக்லூபியுடையது. அதே ஆண்டு பிரெஞ்சு இராணுவ அணிக்காக ஆடி, இராணுவங்களுக்கிடையிலான உலகக் கிண்ணத்தையும் வென்றார். அவர் அப்போது கட்டாய இராணுவ சேவையில் இருந்தார் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1958 ஜூனில் சுவீடனில் உலகக் கிண்ணம் நடக்கவிருந்தது. பிரெஞ்சு அணிக்கென உத்தேசிக்கப்பட்டவர்களுள் மக்லூபியும் ஒருவர். மொனாக்கோ கழகத்தின் பின்கள வீரர் முஸ்தபா ஸைத்தூனியும் ஒருவர். மக்லூபிக்கு வயது 21.

அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணி வேறொரு திட்டம் வைத்திருந்தது. முஹம்மத் பூமஸ்ராக் என்ற பழைய ஆட்டக்காரர் அதன் சூத்திரதாரி. பிரெஞ்சுக் கழகங்களில் ஆடும் அல்ஜீரியத் தொழில்முறை வீரர்களை ஒரே நேரத்தில் வெளியேற்றி, துனிஸ் நகரில் ஒரு தேசிய அணியாக நிறுத்துவது என்பதே திட்டம். நாடு இன்னும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு தேசிய அணி இருக்கும்.

1958 ஏப்ரல் நடுப்பகுதியில் அது நடந்தேறியது. கணக்குப் பார்த்தால் அதுவும் நோன்பு மாதம்தான், கடைசிப் பத்து. செயின்ட் எத்தியென் நகருக்கு மக்லூபியைத் தேடி இருவர் வந்தனர். அப்துல் ஹமீத் கர்மாலி, முக்தார் அரீபி. இருவரும் ஸெத்தீப்காரர்கள், சின்ன வயதில் அவர் அண்ணாந்து பார்த்த ஊர் மூத்தவர்கள். அவ்வேளை மக்லூபி ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வைத்தியசாலையிற் கிடந்தார். அங்கிருந்தே அவரைக் கூட்டிக்கொண்டு காரிற் புறப்பட்டார்கள். சுவிற்சர்லாந்து எல்லையில் காவலர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டனர். ஆனால் ஆட்டக்காரர்கள் காணாமற்போன செய்தி அவர்களுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. கார் கடந்தது. பின் இத்தாலி, அப்பால் துனிஸ்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மொனாக்கோவில் ஆடிய ஹஸன் ஷப்ரி இத்தாலிய எல்லையிற் பிடிபட்டார். ஸைத்தூனியும் அப்துல் அஸீஸ் பின் தீபூரும் தப்பிச் சேர்ந்தனர். சுவிற்சர்லாந்துடனான பிரெஞ்சு அணியின் நட்புறவு ஆட்டத்துக்கு இரண்டொரு நாட்களே இருந்தன. ஸைத்தூனி ஆடவேண்டிய ஆட்டம் அது. மறுநாள் பிரெஞ்சுப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் அல்ஜீரியப் போர் வந்தது; இம்முறை விளையாட்டுப் பகுதியின் வாசகனுக்கும் அது தெரியவேண்டியதாயிற்று. முன்னணி எதிர்பார்த்ததும் அதுவே.

மக்லூபியின் நிலை மற்றவர்களைவிடச் சிக்கலானது. அவர் படையில் இருந்தவர். சட்டப்படி அவர் செய்தது படையை விட்டு ஓடிய குற்றம். இனிப் பிரான்ஸில் கால்வைத்தால் அவருக்குக் காத்திருப்பது இராணுவ நீதிமன்றம்.

இந்த இடத்தில் அல்பேர் காம்யுவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் அல்ஜீரிய மண்ணிற் பிறந்தவர். அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகக் கழகத்தின் இளையோர் அணியில் கோல் காப்பாளராக நின்றவர். காசநோயால் ஆட்டத்தை விட்டவர். 1957இல் நோபல் பரிசு பெற்ற அவர், தான் பிறந்த மண்ணுக்கும் தன் நாட்டுக்கும் இடையிலான அந்தப் போரில் எந்தப் பக்கமும் முழுதாகச் சாய முடியாமல் மௌனித்துப்போனார். அவரை நான் குறைகூற வரவில்லை. உலகம் அறிந்த எழுத்தாளருக்கு அவ்வளவு கடினமாக இருந்த தெரிவை, இருபத்தொரு வயதுப் பந்தாட்டக்காரன் தலைக்காயத்தோடு எடுத்தான் என்பதைச் சொல்லவருகிறேன். பிரான்ஸில் ஆடிய அல்ஜீரியர் எல்லாரும் போய்விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போகாதவர்களுக்கும் குடும்பமும் பிழைப்பும் இருந்தன.

அந்த ஜூனில் பிரான்ஸ் சுவீடனில் மூன்றாம் இடம் பெற்றது. ஜுஸ்ட் ஃபொன்டேன் 13 கோல்கள் போட்டார். ஒரே உலகக் கிண்ணத்தில் அத்தனை கோல்களை அதன்பின் எவரும் போடவில்லை. மக்லூபி அப்போது துனிஸில் இருந்தார். அவருக்கு உலகக் கிண்ணத்தில் ஆட்டக்காரராக நிற்கும் வாய்ப்புப் பிறகு ஒருபோதும் வரவில்லை.

துனிஸ் அணிக்குப் பீபா அங்கீகாரம் தரவில்லை. அதனோடு ஆடும் நாடுகளைத் தண்டிப்போம் என்றும் எச்சரித்தது. இருந்தும் நான்கு ஆண்டுகளில் அந்த அணி எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியது. மொரோக்கோ, லிபியா, ஈராக், ஜோர்தான் போன்ற அரபு நாடுகள். பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, சோவியத் ஒன்றியம் முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகள். ஆசியாவில் சீனாவும் வட வியட்நாமும். 1961இல் பெல்கிரேட் நகரில் யூகோஸ்லாவியாவை 6–1 என்று தோற்கடித்தது. வட வியட்நாமில் ஹோ சி மின் அவர்களை வரவேற்றார்.

ஆட்டம் தொடங்குமுன் கொடி ஏறும். 'கஸமன்' கீதம் ஒலிக்கும். அந்தக் கீதத்தை எழுதியவர் முஃப்தி ஸகரிய்யா. அல்ஜியர்ஸ் சிறைக்கூடத்தில் எழுதப்பட்ட கவிதை அது. இன்று அது அல்ஜீரியாவின் தேசிய கீதம். சிறையில் எழுதப்பட்ட பாட்டு, நாடு கடந்த ஆட்டக்காரரின் முன்னே, எங்கோ தூர தேசத்து மைதானங்களில் ஒலித்தது. அதைக் கேட்ட பல்கேரியத் தொழிலாளிக்கும் வியட்நாமிய விவசாயிக்கும் அல்ஜீரியா என்றொரு நாடு இருக்கிறது என்பது விளங்கியிருக்கும். ஐக்கிய நாடுகள் சபையிற் பேசப்படும் பேச்சு அந்த மனிதர்களிடம் போய்ச் சேராது. தொண்ணூறு நிமிட ஆட்டம் போய்ச் சேர்ந்தது.

1962 ஜூலை 5ஆம் திகதி அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அணி தன் வேலையை முடித்துக்கொண்டது. இனித்தான் என் மாணவன் கேட்ட கேள்வி வருகிறது.

மக்லூபிக்கு அப்போது வயது 25. ஓர் ஆட்டக்காரனின் நல்ல பருவத்தில் நான்கு ஆண்டுகள் போட்டித் தொடர் எதுவுமின்றிக் கழிந்திருந்தன. புதிய அல்ஜீரியாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் இல்லை. அவர் முதலில் ஜெனீவா நகரின் செர்வெத் கழகத்தில் ஆடினார். அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் பழைய ஆசான் ஜான் ஸ்னெல்லாதான். தலைமறைவாகப் போன மாணவனை ஆசான் கைவிடவில்லை. பின்னர், 1962 முடிவதற்குள், செயின்ட் எத்தியென் அவரைத் திரும்ப அழைத்தது. அவரும் போனார்.

அந்நேரம் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அல்ஜீரியாவில் மகனை இழந்த தாய்மார் செயின்ட் எத்தியென் வீதிகளிலும் இருந்தனர். அல்ஜீரியாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் துறைமுகங்களில் வந்து இறங்கியிருந்த ஆண்டு அது. "ஓடிப்போனவன்" மீண்டும் அதே பச்சைச் சட்டையோடு அதே மைதானத்தில் இறங்கினால் என்ன நடக்கும்? மக்லூபி பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்த காட்சி இது. மைதானம் ஓசையின்றி இருந்தது. முதற் பந்து அவர் காலுக்கு வந்தது. அவர் அதை அடக்கி எடுத்துச் சென்றார். கைதட்டல் எழுந்தது. அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

கழகம் அப்போது இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. 1963இல் மீண்டும் முதற் பிரிவுக்கு ஏறியது. 1964இல் சம்பியன். 1967இல் சம்பியன். 1968இல் சம்பியன் பட்டமும் பிரெஞ்சுக் கிண்ணமும் ஒருசேர. இதில் 1964, 1967 வெற்றிகள் ஸ்னெல்லா திரும்பி வந்து பயிற்றுவித்த காலத்தவை. 1968இல் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் அல்பேர் பத்தே. பத்து ஆண்டுகளுக்கு முன் சுவீடனுக்குப் போன பிரெஞ்சு அணியின் பயிற்றுவிப்பாளரும் இவரே. 1958இல் மக்லூபியை இழந்தவர், 1968இல் அவரைக் கொண்டு கிண்ணம் வென்றார்.

அந்தக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் 1968 மே 12ஆம் திகதி பாரிஸ் அருகே நடந்தது. பாரிஸ் வீதிகளில் மாணவர் தடையரண்கள் எழும்பி இரண்டு நாட்களே ஆகியிருந்தன. செயின்ட் எத்தியென் 2, போர்தோ 1. இரண்டு கோல்களையும் போட்டவர் மக்லூபி. கிண்ணத்தைக் கையளித்தவர் ஜெனரல் டி கோல். "பிரான்ஸ் என்பது நீங்கள்தான்" என்று டி கோல் அப்போது அவரிடம் சொன்னதாக ஒரு செய்தி மீண்டும் மீண்டும் எடுத்துக் கூறப்படுகிறது. சொன்னாரோ இல்லையோ, அந்த ஒரு வசனத்தைச் சுற்றியே மக்லூபியின் கதையை முடித்துவிடுகிற ஒரு வழக்கம் உண்டு. போராளி மன்னிக்கப்பட்டான், நாடு பெருந்தன்மை காட்டியது, சுபம்.

எனக்கு அது போதவில்லை. என் மாணவனின் கேள்விக்கும் அது பதிலாகாது. 1962இல் திரும்பிவந்தவர் 1958இல் போனவர் அல்லர். போனபோது அவர் பிரெஞ்சு ஆளுகைக்கு உட்பட்டவர்; பிரெஞ்சு நீலச் சட்டை அணிந்தவர். வந்தபோது அவர் அல்ஜீரியா என்ற சுதந்திர நாட்டின் பிரஜை. செயின்ட் எத்தியென் கழகத்துக்கு ஆடிக்கொண்டே தேசிய ஆட்டங்களில் அல்ஜீரியாவின் சட்டையை அணிந்தார். அவர் போனதே இப்படித் திரும்பி வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அடிமைப்பட்டவனாக வேலை செய்த இடத்தில் சுதந்திர மனிதனாக வேலை செய்வது காட்டிக்கொடுப்பாகாது. அவருடைய பகை ஆட்சியோடு இருந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தில் மைதான நுழைவுச்சீட்டு வாங்கிய சுரங்கத் தொழிலாளியோடு அவருக்கு என்ன பகை?

இன்னொன்றும் உண்டு. அவர் எதைக் கற்றுக்கொள்வதற்குத் திரும்பினார் என்பதை அவருடைய பிற்கால வாழ்விலிருந்துதான் அறியலாம். பஸ்தியா கழகத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் இருந்து, 1970இல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு அல்ஜீரியா வந்தார். 1971இல் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார். பின்னர் 1975 முதல் 1979 வரை. மீண்டும் 1982இல். மூன்று தடவை அழைக்கப்பட்டார். மூன்று தடவை விலக நேர்ந்தது. பயிற்றுவிப்பாளரின் தொழில் அப்படி. கோல் போட்டவனின் பெயர் பலகையில் இருக்கும். தோல்வி வந்தால் பயிற்றுவிப்பாளரின் பெயர் பத்திரிகையில் இருக்கும்.

1975 செப்டெம்பரில் மத்தியதரைக்கடல் விளையாட்டு விழாவை அல்ஜியர்ஸ் நடத்தியது. உதைபந்தாட்ட இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது பிரான்ஸ். மைதானத்தின் பெயர் 'ஜூலை 5', அதாவது சுதந்திர நாள். சனாதிபதி பூமதீன் வந்திருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அல்ஜீரியா 1–2 என்று பின்னால் நின்றது. கடைசிக் கணத்தில் பத்ரூனி சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் அல்ஜீரியா 3–2 என்று வென்றது. எதிரே வந்தது பிரான்ஸின் முதல்தர அணி அல்ல என்பது உண்மை. ஆயினும் அந்த மேடையில் 'கஸமன்' ஒலித்தபோது, துனிஸ் அணியில் நின்ற மனிதர் பயிற்றுவிப்பாளராக அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

1982இல் அல்ஜீரியா முதற்தடவையாக உலகக் கிண்ணத்துக்குத் தெரிவானது. மஹ்யித்தீன் காலிபோடு இணைந்து மக்லூபி அணியை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்றார். ஆட்டக்காரராகத் தான் இழந்த உலகக் கிண்ணத்துக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பயிற்றுவிப்பாளராகப் போனார். அணியிற் பெரும்பாலோர் உள்நாட்டுக் கழகங்களில் ஆடியவர்கள். முதல் ஆட்டம் ஜூன் 16ஆம் திகதி கிஹோன் நகரில், ஐரோப்பியச் சம்பியனான மேற்கு ஜேர்மனியோடு. மாஜர் முதற் கோலைப் போட்டார். ரும்மெனிகே சமப்படுத்தினார். ஆட்டம் மீண்டும் தொடங்கிய மறு நிமிடமே, அல்ஜீரியர் பந்தைக் காலுக்குக் கால் மாற்றிக்கொண்டு போய், இடது பக்கத்திலிருந்து அஸாத் கொடுத்ததை பல்லூமி கோலாக்கினார். 2–1. ஓர் ஆபிரிக்க நாடு உலகக் கிண்ணத்தில் ஐரோப்பிய நாடொன்றை வென்றது அதுவே முதற்தடவை.

அடுத்து ஒஸ்ட்ரியாவிடம் 0–2 தோல்வி. ஜூன் 24இல் சிலியோடு ஆடி, இடைவேளையில் 3–0 என்று முன்னின்று, முடிவில் 3–2 என்று வென்றது. அடுத்த நாள்தான் மேற்கு ஜேர்மனி – ஒஸ்ட்ரியா ஆட்டம். அதாவது அந்த இரு அணிகளும் தமக்கு எந்த முடிவு தேவை என்பதைத் தெரிந்துகொண்டே களமிறங்கின. ஜேர்மனி ஒன்றோ இரண்டோ கோலால் வென்றால் இரண்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். மூன்று கோலால் வென்றால் ஒஸ்ட்ரியா வெளியே. தோற்றாலும் சமப்பட்டாலும் ஜேர்மனி வெளியே. பத்தாம் நிமிடத்தளவில் ஹ்ருபெஷ் ஒரு கோல் போட்டார். மிகுதி எண்பது நிமிடமும் இரு அணிகளும் பந்தைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. அரங்கிலிருந்த அல்ஜீரியர்கள் நாணயத்தாள்களை ஆட்டிக் காட்டினர். ஜேர்மனிய, ஒஸ்ட்ரிய ஊடகங்களும் வெட்கப்பட்டன. 1–0. அல்ஜீரியாவின் முறைப்பாட்டை பீபா நிராகரித்தது.

ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். மூன்று அணிகளும் சமப் புள்ளிகள். அல்ஜீரியா போட்டது ஐந்து, வாங்கியது ஐந்து. சிலியுடனான ஆட்டத்தின் பிற்பாதியில் அந்த இரண்டு கோல்களையும் வாங்காமல் இருந்திருந்தால், ஜேர்மனியின் ஒரு கோல் வெற்றி ஒஸ்ட்ரியாவைக் காப்பாற்றியிராது. கிஹோனில் நடந்ததை அநீதி என்று சொல்லும்போது இதையும் மறைக்கக் கூடாது. ஒரு பயிற்றுவிப்பாளர் இரவில் படுக்கப் போகும்போது, எதிரிகள் செய்தது ஒருபுறம் இருக்க, தன் கையிலிருந்து நழுவிய அந்த நாற்பத்தைந்து நிமிடமும்தான் அவரை வருத்தும். மாலையில் பிள்ளைகளோடு நிற்பவன் என்ற முறையில் எனக்கு அது தெரியும்.

ஆனாலும் விதி மாறியது. 1986 உலகக் கிண்ணம் முதல் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. எங்கள் கோட்ட மட்டச் சுற்றுப்போட்டியிலும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

துனிஸ் அணியின் வேர் வேறு வழியிலும் தளைத்தது. 1990இல் அல்ஜீரியா முதற்தடவையாக ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றபோது அணியின் பயிற்றுவிப்பாளர் அப்துல் ஹமீத் கர்மாலி. 1958 ஏப்ரலில் மக்லூபியைத் தேடி வந்த அதே கர்மாலி. காரில் எல்லை கடந்தவர்கள் தாம் கற்றதைக் கொண்டுபோய் அடுத்த தலைமுறையின் காலில் வைத்தார்கள். ஸ்னெல்லாவிடம் கற்ற ஆட்டமும் அதில் இருந்தது. அது பிரான்ஸிலிருந்து வந்தது என்பதற்காக மக்லூபி அதை வேண்டாம் என்று எறியவில்லை.

கடந்த வாரம் அந்த மாணவனைப் பயிற்சியின்போது கண்டேன். இப்போது அவன் உயர்தரம் படிக்கிறான். வலது பக்க முன்வரிசையில் ஆடுகிறான். கொழும்பிலே ஒரு கழகம் அவனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. போவதா, படிப்பை முடிப்பதா என்று வீட்டிலே பேச்சு நடக்கிறதாம். "சேர் என்ன சொல்றீங்க?" என்றான். மக்லூபியின் கதை அவன் நிலைக்குப் பொருந்தாது. அதை இழுத்து அவன்மேல் போர்த்துவது நியாயமுமில்லை. ஆனால் அவன் முன்பு கேட்ட கேள்விக்கு நான் கடன்பட்டிருந்தேன். "அவர் ஏன் திரும்பினார் என்று கேட்டாயே. அவருக்கு ஆட்டம் மிச்சமிருந்தது, மகன். படிப்பிக்கவேண்டியதும் மிச்சமிருந்தது" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினான். மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.